தொண்ணூறும் எட்டும்

"மாமா, கண்ணாடியைப் போட்டு நல்லா பாருங்க. என் கேபிள் நெட் தொண்ணூறு எம்பி. உங்க டெலிபோன் லைன் நெட் எட்டு. எட்டே எட்டு!"

மாப்பிள்ளை மடிக்கணினியை மாமனார் பக்கம் திருப்பினான். ஒரே வீட்டில் இரண்டு இன்டர்நெட். விட்டுக்கொடுக்க இருவருக்கும் மனசில்லை. முப்பது வருடம் டெலிபோன் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், அவ்வளவு லேசில் மடங்குவாரா?

"இது மத்தியானக் கணக்கு மாப்ள. தெருவே வேலைக்குப் போயிருக்கு. உங்க கேபிள் தெருவுக்கே பொது. ஆறு மணிக்கு எல்லாரும் வந்து படம் போட்டா உங்களுக்கு என்ன மிஞ்சும்? என் எட்டு எப்பவும் எட்டு."

"அதெல்லாம் அந்தக் காலம் மாமா!"

"ரெண்டு பேரும் சண்டையை அப்புறம் வச்சுக்குங்க" என்றாள் மாப்பிள்ளையின் மனைவி. "ஆறு மணிக்கு எனக்கு இன்டர்வியூ. வரைஞ்ச கட்டட பிளானையெல்லாம் திரையில காட்டணும். எதுல உட்காரட்டும்?"

குழந்தைக்காக வேலையை விட்டு நாலு வருடம் ஆகிறது. பதினோரு இடத்துக்கு எழுதிப் போட்டதில் இந்த ஒரு கம்பெனிதான் கூப்பிட்டிருந்தது. நடுவில் திரை உறைந்தால் அவ்வளவுதான்.

மாமனார் தன் லைனில் ஒரு பிளானை அனுப்பிப் பார்த்தார். அது நகருவேனா என்றது. மடிக்கணினியை மூடி வைத்தார்.

"கேபிள்ல உட்காரு. நான் கேரன்டி!" என்று மார்தட்டினான் மாப்பிள்ளை.

ஐந்து மணிக்கு மாமனார் செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று வெளியேறினார். தோத்த கோபம் போல, பாவம் என்று மாப்பிள்ளை உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

ஏழு மணிக்கு அறைக் கதவு படாரென்று திறந்தது.

"வேலை கிடைச்சிடுச்சுங்க! அடுத்த வாரமே சேரச் சொல்லிட்டாங்க. ஒரு தடவைகூட நிக்கலை, அப்படி ஒரு வேகம்!"

அப்போதுதான் மாமனார் சட்டையெல்லாம் வியர்வையாக வந்து சேர்ந்தார்.

"இப்ப என்ன சொல்றீங்க மாமா?"

"ஒத்துக்கறேன் மாப்ள. கேபிள் கேபிள்தான்" என்றபடி முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கல்யாணமான இத்தனை வருடத்தில் மாமனார் தோல்வியை ஒப்புக்கொண்டது இதுதான் முதல் தடவை. மாப்பிள்ளைக்குக் கால் தரையில் பாவவில்லை.

வாசல் மணி அடித்தது. அவனே போய்த் திறந்தான். எதிர்வீட்டு அம்மாள் அவனைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, உங்க பொண்ணு இன்டர்வியூ முடிஞ்சுதா? வீடு வீடா வந்து கெஞ்சிக் கேட்டீங்களேன்னு தெருவே நெட்டை அணைச்சு வச்சிருக்கோம். இனிமே போட்டுக்கலாமா?"