திருப்பி வைக்கப்பட்ட திரை

துறைமுகத்தை நோக்கிய சன்னல் வழியே பிற்பகல் வெயில் மருத்துவமனையின் நோயாளர் விடுதியில் நிறைகின்றது. கிண்ணியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட ஸெய்னுதீன் நினைவின்றிக் கிடக்கின்றார். அவருடைய இதயத் துடிப்பு, புதிதாய் வந்த பொறியின் திரையில் பச்சைக் கோடாக எழுந்து விழுகின்றது. தாதியின் மேசைக்கு அக்கோடு தெரிகின்றதா என்று மருத்துவர் காசிநாதர் ஆராய்ந்து தாளில் குறித்துக்கொள்கின்றார். “தெரியுதா, மிஸ்ஸி?” “திரைக் கண்ணாடியில கடல்தான் தெரியுது, டொக்டர். ஒரு வள்ளமும் போகுது,” என்கின்றாள் தாதி அன்னப்பிள்ளை. அவர் பொறியை அவள் பக்கம் திருப்ப முனைகையில், கட்டிலருகே இருக்கும் நோயாளியின் மனைவி அசனா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழுகின்றாள். “இஞ்சாலயே இரிக்கட்டும், டொக்டர். இவர்ர முகத்தப் பாத்தா ஒண்டும் விளங்குதில்ல. அந்தக் கோட்டப் பாத்துத்தான் நான் இரிக்கன்.”

“மிஸ்ஸி கண்டால்தானே ஓடிவரலாம், தங்கச்சி,” என்று அவர் மெல்லத் திருப்பி வைக்கின்றார். அசனாவுக்கு இனிப் பொறியின் முதுகும் வயர்களுமே தெரிகின்றன. அவள் கணவரின் மணிக்கட்டைப் பற்றிக்கொள்கின்றாள். “இப்ப தெரியுதா?” என்று தாளிலிருந்து தலை நிமிராமலே மருத்துவர் கேட்கின்றார். திரையில் கோடு எழாமல் நேரே ஓடுகின்றது. அன்னப்பிள்ளை கதிரையைத் தள்ளிவிட்டு எழுகின்றாள். அசனா அவளுடைய முகத்தைப் பார்க்கின்றாள்.