வெளி பெஞ்சில் சின்னப்பொண்ணு

“அத்தை, வெற்றிக்கு வலி கண்டிருச்சு. ஏழு மாசந்தான் முடிஞ்சிருக்கு. ஆம்புலன்ஸ்ல கள்ளக்குறிச்சிக்குப் போய்க்கினு இருக்கோம். நீங்க ஒரு தபா வந்து பாத்தீங்கன்னா…”

எழில்மதி முடிப்பதற்குள் போனைத் துண்டித்துவிட்டாள் சின்னப்பொண்ணு.

“நான்தான் சொன்னேன்ல எழிலு, வுடு” என்றான் வெற்றிவேல். ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

வெற்றியைப் பெண் பிள்ளை என்றுதான் வளர்த்தாள் சின்னப்பொண்ணு. தான் ஆண் என்று அவன் வாய் திறந்து சொன்ன அன்றோடு அந்த வீட்டில் பேச்சு நின்றுபோனது. திருநங்கையான எழில்மதியைக் கட்டிக்கொண்டு, மாலையும் கழுத்துமாகப் போய் நின்றபோது கதவே திறக்கவில்லை.

பிறகு இருவருக்கும் குழந்தை ஆசை வந்தது. டாக்டரிடம் கேட்டு, ஹார்மோன் ஊசியை நிறுத்திவிட்டு, “நான் சுமக்கறேன்” என்று முன்வந்தவன் வெற்றிதான். “தாடியும் வயிறும் போட்டி போட்டுகினு வளருது பாரு” என்று சிரிப்பான்.

இன்று சிரிப்பில்லை.

கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பரிசோதித்துவிட்டு வந்தார். “வலி தானா அடங்கினாலும் அடங்கும். இல்லன்னா பிரசவமே ஆனாலும் ஆயிடும். குழந்தையோட நுரையீரலுக்கு ஊசி போட்டிருக்கோம். சாயங்காலம் வரைக்கும் பார்க்கணும். நீங்க பேச்சுக் கொடுத்து அவரைத் தைரியமா வெச்சுக்குங்க.”

நர்ஸ் ஜெயசுதா கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டார். திரைக்கு அந்தப் பக்கம் கிசுகிசுப்பு ஓயவில்லை.

ஒவ்வொரு வலிக்கும் எழில்மதியின் கையை நெரித்தான் வெற்றி. வலி விட்டதும், “பழசு எதுனா சொல்லு எழிலு” என்றான்.

“வெள்ளிமலையில மொதமொத பாத்தோமே, நெனப்பிருக்கா மாமா? நீ மரவள்ளிக் கெழங்கு லோடு ஏத்திகினு வந்தே. நான் கடைசி பஸ்ஸ வுட்டுட்டு நின்னுகினு இருந்தேன்.”

“மழை…”

“பேய் மழை! பாதி மலையில உன் வண்டி வேற நின்னு போச்சு. இருந்தது ஒரே ஒரு தார்ப்பாய். அத எனக்குக் குடுக்காம கெழங்குக்குப் போத்துனியே!”

வலியிலும் அவன் உதட்டில் சிரிப்பு எட்டிப் பார்த்தது. “லோடு அடுத்தவங்களுது. நாம நனைஞ்சா காஞ்சிப்போம்னேன்.”

“அன்னிக்கே ‘நாம’ன்னே. அதுலதான் நான் வுழுந்தேன்.”

திரை விலகியது.

சின்னப்பொண்ணு நின்றாள். மூங்கில்துறைப்பட்டுக் கரும்புக் கொல்லையிலிருந்து அப்படியே வந்திருந்தாள். முழங்கை வரை கரும்புச் சோகை இலை கீறிய கோடுகள். மகனின் தாடியைப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள். எழில்மதியின் பக்கம் திரும்பவே இல்லை.

“கூட ஒரு பொம்பளைதான் இருக்கலாம். யாரு இருக்கீங்க?” என்றார் நர்ஸ்.

“பெத்தவ நான் இருக்கேன்” என்றாள் சின்னப்பொண்ணு.

எழில்மதி எழுந்தாள். வெற்றியின் விரல்கள் அவள் முந்தானையைப் பிடித்து, மெல்ல விட்டன.

வெளி பெஞ்சில் வந்து உட்கார்ந்தவளுக்கு நெஞ்சு கொதித்தது. இத்தனை மாதம் அவன் வாந்தி எடுத்தபோதெல்லாம் தலையைத் தாங்கியது யார்? கால் வீங்கினபோது பிடித்துவிட்டது யார்? இன்றைக்கு மட்டும் பெத்தவளா?

கொஞ்ச நேரம்கூட ஆகவில்லை. சின்னப்பொண்ணு வெளியே வந்துவிட்டாள்.

“நீ போ உள்ளார. எனக்கு ஆவாது. மருந்து நாத்தம் கொடலப் பொரட்டுது.”

சொல்லிவிட்டு பெஞ்சில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

“பாத்தியா? செத்த நேரம் உக்கார முடியல. இவல்லாம் ஒரு தாயா!” பக்கத்தில் இருந்த பெண் முணுமுணுத்தாள். எழில்மதிக்கும் அதேதான் தோன்றியது.

உள்ளே, வெற்றியின் கீழுதட்டில் பல் பதிந்த தடம் சிவந்திருந்தது. அவள் கை பட்டதும் உடைந்தான். அடுத்த வலிக்கு வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினான்.

“கத்து மாமா, நல்லா கத்து. நான் இருக்கேன்ல” என்று அவன் முதுகைத் தடவினாள்.

மறுபடி பழங்கதை. சங்கராபுரத்தில் முதல் வாடகை வீடு. அடுப்பு பற்ற வைக்கத் தெரியாமல் இருவரும் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் சண்டை என்று நினைத்து ஓடி வந்தது. சொல்லச் சொல்ல வலிக்கும் வலிக்கும் நடுவில் இடைவெளி கூடியது. நெரித்த கை தளர்ந்தது. வெற்றி கண்ணயர்ந்தான்.

வெயில் சாய்ந்ததும் டாக்டரம்மா வந்து பார்த்தார். “அடங்கிடுச்சும்மா. குழந்தை இன்னும் கொஞ்ச நாள் உள்ளயே பத்திரமா இருக்கட்டும். நாளைக்கும் இங்கயே இருந்துட்டு வீட்டுக்குப் போகலாம்.”

எழில்மதி வெளியே ஓடினாள். சின்னப்பொண்ணு போயிருப்பாள் என்றுதான் நினைத்தாள். போகவில்லை. பெஞ்சைக் கதவோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“வலி நின்னுடுச்சு அத்தை. ரெண்டு உசுருக்கும் ஒண்ணும் இல்லையாம்.”

சின்னப்பொண்ணு முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

எழில்மதிக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. “இவ்ளோ நேரம் இங்க உக்காந்ததுக்கு, அவர்கூடவே இருந்திருக்கலாமே அத்தை? மருந்து நாத்தம் அவ்ளோ பெரிசா போச்சா?”

“நாத்தமாவது ஒண்ணாவது. என் எதிர்ல பல்லக் கடிச்சிகினு மூச்சு வுடாம கெடந்தான். நீ உள்ளார போனப்புறந்தான் ‘அம்மா, அம்மா’ன்னு வாய் வுட்டுக் கத்துனான். இங்கேந்து அதக் கேட்டுகினு இருந்தேன், எனக்கு அது போதும்.”