மயிலுக்குக் கீழே

“வெயில் வரட்டும் அண்ணே. ஈரச் சுவரைப் போய் யாராவது படம் எடுப்பாங்களா?” என்றான் போட்டோக்காரன் செல்லையா.

“காஞ்சா ஒண்ணும் தெரியாது தம்பி. நனைஞ்சாத்தான் பழைய சாயம் எழும்பும்” என்றார் அருணகிரி. “நாளைக்குக் கடை முதலாளி, அந்தச் சீனத் தௌக்கே, சுவர் முழுக்கச் சுண்ணாம்பு அடிக்கப் போறாரு.”

மலாயாவின் ஜொகூர் பாரு கடைத்தெருவில் இருந்த அந்தத் தைல விளம்பரத்தை 1925இல் எழுதியவரே அருணகிரிதான். ஒன்பது வருஷ வெயிலில் எழுத்தெல்லாம் போய், மேலே வரைந்த மயில் மட்டும் மங்கலாக நின்றது. தன் கைவேலைக்கு ஒரு ஞாபகம் வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்தபடி செல்லையா கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்தான்.

“மயில் அழகா விழுது அண்ணே!”

“மயில் வேணாம். இன்னும் கீழே இறக்குங்க.”

“கீழே ஏதோ ஒரு பிள்ளை கையை வச்சுக் கெடுத்திருக்கே?”

“அதைத்தான் எடுக்கணும். என் மக கை அது. சாயம் காயறதுக்குள்ள வச்சிட்டா. அந்தக் கையிலயே ஓங்கி அடிச்சேன். மேல பூசி மறைச்சும் விட்டேன். இப்ப பூச்சு கரைஞ்சு வெளியே வந்திருக்கு.”

“பாப்பாவையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே?”

“அடுத்த மாசமே காய்ச்சல்ல போயிட்டா.”

செல்லையா கேமராவை அந்தக் கைக்கு நேராக இறக்கினான். “உங்க கையையும் பக்கத்துல வைங்க அண்ணே. எவ்வளவு சின்னக் கைன்னு படத்துல தெரியும்” என்றான்.

அருணகிரி வலது கையைத் தூக்கினார். சுவரைத் தொடும் முன்பே இறக்கிவிட்டார்.

“வேணாம் தம்பி. பயப்படுவா.”