ஏழு படங்களும் எட்டாவதும்

"சும்மா குடுத்தாலும் எனக்கு வேண்டாம் தம்பி," என்றாள் தையல்காரம்மா. படத்தின் அடியோரத்தை ஒரு பார்வை பார்த்தவள், அதைப் பதமாகச் சுருட்டி ஓவியர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

ஓவியருக்கு முகம் தொங்கிப்போனது. அவர் சாதாரண ஆள் இல்லை. ஒரு ஸ்கிரீன் பிரிண்ட் வெளியிட்டால் ஐம்பது பிரதிதான். வரைந்து அச்சகத்துக்கு அனுப்புவதோடு சரி. எல்லாம் அச்சாகிக் காய்ந்த பிறகு போய், ஒவ்வொன்றிலும் எண் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார். அதற்கப்புறம் ஐம்பத்தொன்றாவது பிரதி யார் கேட்டாலும் கிடைக்காது. பெரிய இடத்து ஆட்களெல்லாம் முன்கூட்டியே சொல்லிவைத்துக் காத்திருப்பார்கள்.

ஆனால் இதுவரை வந்த ஏழு படங்களுக்கும் கேலரி வாசலில் முதல் ஆளாக வந்து நின்றது இந்தத் தையல்காரம்மாதான். தன் படங்கள் சாமானியர்களோடும் பேசுகின்றன என்று பேட்டிக்குப் பேட்டி ஓவியர் மார்தட்டிக்கொள்ள இந்த ஒரு அம்மாள் போதுமானவளாக இருந்தாள்.

அப்படிப்பட்டவள் எட்டாவது படத்தைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று வைத்துவிட்டுப் போய்விட்டாளாம். கேலரிக்காரர் சொன்னதிலிருந்து ஓவியருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மற்றவர்கள் புகழ்ந்தது எதுவும் காதில் ஏறவில்லை. கடைசியில் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு, அன்பளிப்பாகக் கொடுத்துக் காரணத்தையும் கேட்டுவிடலாம் என்று அவளுடைய கடைக்கே வந்துவிட்டார்.

கடை சின்னது. ஒரு தையல் மெஷின், ஒரு இஸ்திரி மேஜை, நூல்கண்டு அலமாரி. சுவர் முழுக்க அவருடைய ஏழு படங்கள். பார்த்ததும் ஓவியருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கிட்டப் போனபோது ஒன்றுதான் உறுத்தியது. வலது மூலையில் இருக்க வேண்டிய அவருடைய கையெழுத்து ஏழிலும் சட்டத்துக்குள் மறைந்திருந்தது.

கேட்டதற்கு, சட்டம் அளவு பத்தாமல் ஏதாவது ஒரு ஓரம் மறையும் என்று ஃப்ரேம் கடைக்காரர் சொன்னாராம். வலது ஓரம் போனால் போகட்டும் என்று இவள்தான் சொன்னாளாம். கையெழுத்துக்காக வாங்கும் கூட்டத்துக்கு நடுவே படத்துக்காகவே வாங்கும் ஒரு ஜீவன் என்று ஓவியர் அதையும் தனக்குச் சாதகமாகவே எடுத்துக்கொண்டார்.

அளவு கொடுக்க வருகிறவர்கள் யாரையும் இந்தப் படங்களைக் காட்டாமல் அவள் விடுவதில்லையாம். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போன ஒருத்தியின் துணியை வேண்டுமென்றே தாமதமாகத்தான் தைத்தாளாம். சொல்லும்போதே அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. மெஷினை விட்டு எழுந்து, கழுத்தில் கிடந்த டேப்போடு படத்துக்கு முன்னால் வந்து நின்றாள்.

"இந்த நீலத்தைப் பாருங்க. ஒண்ணு காய்ஞ்சதும் அது மேல இன்னொண்ணுன்னு நாலு தடவை ஏத்தினது. எங்கயாவது ஒரு நூல் தள்ளியிருக்கா? நானும் காலமெல்லாம் துணி வெட்டறேன், இப்படி ஒரு சுத்தமான ஓரம் எனக்கே வந்ததில்ல. அந்தக் கைக்குத் தங்கக் காப்புதான் போடணும்."

ஓவியர் அடக்கமாகத் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டார். ஆனால் சந்தோஷம் நிலைக்கவில்லை, சுருட்டிய படம் இடது கையில் கனத்தது.

"அப்போ இந்த எட்டாவதுல என்னம்மா குறை? மறைக்காம சொல்லுங்க. ஒரு வருஷம் உக்காந்து வரைஞ்சேன். நான் வரைஞ்சதுலயே இதுதான் பெரிசுன்னு நினைச்சுட்டிருக்கேன். என் கை போயிடுச்சா?"

தையல்காரம்மா பதறிப்போனாள்.

"ஐயோ, உங்க கைக்கு என்ன தம்பி, நல்லாத்தான இருக்கு. நீங்க வரையறது எனக்கு எப்பவுமே புரிஞ்சதில்ல, தப்பா எடுத்துக்காதீங்க. நான் எதுக்காக வாங்கறேன்னு உங்களுக்குத் தெரியும்னுல்ல நினைச்சுட்டிருந்தேன்."

ஒரு படத்தைக் கழற்றி, அவர் இத்தனை வருடங்களில் ஒருமுறைகூடப் பார்த்திராத இடது மூலையை விரலால் தொட்டுக் காட்டினாள். மையில்லாமல் அழுத்திய, சட்டைப் பொத்தான் அளவு முத்திரை ஒன்று அங்கே இருந்தது. அச்சுப் போட்டவர் தன் அடையாளமாகப் பதிப்பது அது.

"இந்த ஏழையும் அச்சுப் போட்டது என் மருமக. எட்டாவது வந்தப்ப அவ பிரசவ லீவுல இருந்தா, வேற யாரோ போட்டிருக்காங்க. அடுத்த மாசம் திரும்ப வேலைக்குப் போறா தம்பி. அவ அச்சுப் போடற மாதிரி நல்லதா ஒண்ணு வரைஞ்சு குடுங்க."