அரங்கு நிறைந்த மாலை

2008 மே மாதம் இரண்டாவது சனிக்கிழமை மாலை, மேற்குத் தாம்பரத்தில் ஒரு மளிகைக் கடையின் மாடியிலுள்ள கலை அரங்கில் ‘திறந்த மேடை’ தொடங்கியபோது நாற்காலிகள் அனைத்தும் நிரம்பியிருந்தன.

“யாருப்பா மதி இவங்கல்லாம்? பிரியாணிப் பொட்டலம் ஏதாவது தர்றதா சொல்லிட்டியா?” வாசலிலேயே நின்று கேட்டார் அரிகிருஷ்ணன்.

“ஐயோ, இல்ல சார். தானா வந்தாங்க” என்றான் மதியழகன்.

அரங்கின் பொருளாளர் அரிகிருஷ்ணன் இந்தக் கூத்துக்கு மூடுவிழா நடத்தும் எண்ணத்தோடுதான் பெருங்களத்தூரிலிருந்து ஸ்கூட்டரில் வந்திருந்தார். யார் வேண்டுமானாலும் மேடையேறிப் பாடலாம், படிக்கலாம் என்று மதியழகன் ஆரம்பித்த மாதாந்தர நிகழ்ச்சி இது. போன மாதம் வந்தவர்கள் ஏழு பேர். ஏழு பேரும் மேடையேற வந்தவர்கள். தன் முறை முடிந்ததும் அடுத்தவன் பாடுவதைக் கேட்காமல் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியவர்கள். இம்முறை நாற்பது பேராவது வராவிட்டால் அந்த மாலையை யோகா வகுப்புக்குக் கொடுத்துவிடுவது என்று கமிட்டி முடிவு செய்திருந்தது. மதியழகனுக்குக் கூரியர் அலுவலகத்தில் வேலை. மாதம் முழுக்கத் தான் மூச்சுவிடுவது இந்த ஒரு மாலையில்தான் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பான்.

முதலில் ரயில்வேயில் ஓய்வுபெற்ற சவுரிமுத்து மவுத் ஆர்கனில் ஒரு பழைய பாட்டை வாசித்தார். எந்தப் பாட்டு என்பது கடைசிவரை பிடிபடவில்லை.

“வாசிக்கிறாரா, மூச்சு வாங்குறாரா?” என்று அரிகிருஷ்ணன் முனகினார்.

அரங்கம் கைதட்டியது. “ஒன்ஸ் மோர்!” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

சவுரிமுத்து திகைத்துப்போனார். அவரிடம் அப்படி யாரும் கேட்டதில்லை. மறுபடியும் அதையே வாசித்தார். இந்தத் தடவை வேறு பாட்டு மாதிரி இருந்தது. அதற்கும் கைதட்டினார்கள்.

அடுத்து பிரேம் என்ற பொறியியல் மாணவன். பல்லாவரத்திலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடும் சத்தத்தை, நடுவில் வரும் ஸ்டேஷன்கள் ஒன்றையும் விடாமல், வாயாலேயே எழுப்பினான்.

“குரோம்பேட்டையிலயே குதிச்சுடலாம்னு தோணுது” என்றார் அரிகிருஷ்ணன்.

“அப்பிடியே செங்கல்பட்டு வரைக்கும் வுடுப்பா!” என்று கூட்டத்திலிருந்து யாரோ கத்தினார்கள். அவனும் விட்டான்.

அரிகிருஷ்ணன் திரும்பிப் பார்த்தார். ஒருத்தி மடியில் முறத்தை வைத்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். இன்னொருத்தி தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டபடி கைதட்டினாள். வீட்டு வேலையைக் கையோடு எடுத்துக்கொண்டு கலைக்கு வருகிற கூட்டத்தை அவர் பார்த்ததே இல்லை. அவரைக்காய்க்காரி, மார்க்கெட்டில் அவர் வழக்கமாக மீன் வாங்கும் காந்தா.

“என்ன காந்தா, நீ எங்க இங்க?”

“பக்கத்துத் தெருதானே சார் நம்ம வூடு. சும்மா குந்திக்கினு கேக்குறேன். சோக்கா கீது.”

“என்ன புரிஞ்சுது உனக்கு?”

“புரிஞ்சாத்தான் கேக்கணுமா? உனக்கு மட்டும் இன்னா புரிஞ்சுது?” என்று சிரித்தாள். “இன்னும் எம்மா நேரம் நடத்துவீங்க?”

“ஏழு மணிக்கு முடிச்சிடுவோம்.”

“இன்னா சார் பேஜார் பண்றே! ஒம்போது வரைக்கும் வுடேன். இன்னும் நாலு பேரு பாடட்டுமே.”

அரிகிருஷ்ணன் எத்தனையோ விழாக்களை நடத்தியவர். சீக்கிரம் முடியுங்கள் என்ற கோரிக்கையைத்தான் கேட்டிருக்கிறாரே தவிர, நீட்டுங்கள் என்று யாரும் கெஞ்சிக் கேட்டதில்லை. இத்தனை பேருக்குப் பிடித்தது தனக்குப் பிடிக்கவில்லையென்றால் கோளாறு தன்னிடம்தானோ? விறுவிறுவென்று மேடையேறி மைக்கைப் பிடித்தார்.

“அடுத்த மாசம் மட்டுமில்ல, இனி எல்லா மாசமும் திறந்த மேடை உண்டு. யோகாக்காரங்க வேற எங்கயாவது போய் மூச்சை இழுத்து விடட்டும்!”

கரவொலி எழுந்தது. மதியழகன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பதினாறு பக்க நெடுங்கவிதை ஒன்றை எடுத்தான். அனகாபுத்தூர்ப் பக்கம் ஓடும் அடையாற்றைப் பற்றியது. ஆற்றைவிட அது மெதுவாக ஓடியது. வெளியே இருட்டிவிட்டது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

பாதிக் கவிதையில், “நதியே, நீ எங்கே போகிறாய்?” என்று அவன் குரலை உயர்த்திய நொடியில் “ஓ...” என்று ஒரு மாபெரும் ஆரவாரம் எழுந்தது. அரங்கத்தில் விசில் பறந்தது. கீழே தெருவிலிருந்துகூடக் கூச்சல் கேட்டது. மதியழகன் கண்களை மூடி, கைகூப்பித் தலைகுனிந்தான். அரிகிருஷ்ணனும் எழுந்து நின்று, கை வலிக்கத் தட்டினார்.

மதியழகன் கண்ணைத் திறந்தபோது கூட்டம் மொத்தமும் படிக்கட்டில் இடித்துத் தள்ளிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தது.

“ஏம்மா, எங்க போறீங்க? இன்னும் எட்டுப் பக்கம் இருக்கு!” என்று அரிகிருஷ்ணன் ஓடினார்.

முறத்தை இடுப்பில் இடுக்கியபடி காந்தா படியிலிருந்து திரும்பினாள். “கரன்ட்டு வந்துருச்சு சார்! மத்தியானத்துலருந்து நாலு தெருவுக்கும் இல்ல. இங்க மட்டுந்தான் இன்வர்ட்டர்ல ஃபேன் சுத்திக்கினு இருந்துச்சு.”

ஜூன் மாதத் திறந்த மேடை, கமிட்டியின் ஏகமனதான தீர்மானப்படி, அப்பகுதிக்கு மின்தடை என்று நாளிதழில் அறிவிப்பு வந்திருந்த ஒரு புதன்கிழமைப் பகலுக்கு மாற்றப்பட்டது. அன்றும் அரங்கு நிறைந்தது.