ஹெட்போன் ஓட்டை

லேப்டாப் வாங்கப் போனால் முதலில் எதைத் தொட்டுப் பார்ப்பீர்கள்?

அவள் எஃப் எழுத்தைத் தொட்டாள். அப்புறம் ஜே.

இரண்டிலும் சின்ன மேடு இருந்தது. மற்ற விரல்கள் தாமாகப் போய் உட்கார்ந்துகொண்டன.

டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணியவள். பார்வை இருந்தபோதே விசைகளைப் பார்த்து அடித்ததில்லை. பார்த்தால் இன்ஸ்டிடியூட் சார் ஸ்கேலால் தட்டுவார்.

"அண்ணாச்சி, அக்காவுக்கு என்ன வேலைக்கு?" என்று கடைப் பெண் கேட்டாள்.

அண்ணாச்சி என்றது கூட வந்திருந்த அவள் புருஷனை. கேள்வி எப்போதும் அவனிடம்தான் போகும். ஹோட்டலிலும் அப்படித்தான். டாக்டரிடமும் அப்படித்தான்.

"சும்மா, பொழுது போறதுக்குத்தான்," என்றான் அவன். "பாட்டு கேப்பா. நியூஸ் கேப்பா."

அவள் கைப்பையிலிருந்து பென்டிரைவை எடுத்து நீட்டினாள்.

"இதைப் போடுங்க."

திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் மென்பொருள் அதில் இருந்தது. பாளையங்கோட்டையில் பார்வையில்லாதவர்களுக்கான வகுப்பில் கொடுத்தது.

குரல் பேசத் தொடங்கியது. அவள் வேகத்தைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள்.

தகரத்தில் மழை விழுந்த மாதிரி இருந்தது.

"என்ன சொல்லுது அது? சண்டை போடுற மாதிரில்லா இருக்கு."

"பேட்டரி எவ்வளவு இருக்குன்னு சொல்லுது."

அவனுக்கு ஒரு வார்த்தையும் பிடிபடவில்லை. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

அவன் நல்லவன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

பார்வை போனதிலிருந்து அவளுக்கு வருவதையெல்லாம் அவன்தான் படித்துக் காட்டுகிறான். பதிலும் அவனே எழுதுகிறான். போனின் வழவழப்பில் அவள் விரல்களுக்கு எழுத்து அகப்படவில்லை. வாய்விட்டுச் சொன்னால்தான் போன் எழுதும்.

வீடு முழுக்கக் கேட்கும்.

போன மாதம் ஹெப்சிபா வக்கீல் மெயில் போட்டிருந்தார். அவரிடம்தான் அவள் முன்பு டைப்பிஸ்ட்டாக இருந்தாள். இப்போதெல்லாம் ஆடியோவில் பேசி அனுப்புகிறேன், காதால் கேட்டு அடித்தால் போதும், திரும்ப வருகிறாயா என்று கேட்டிருந்தார்.

உடல்நிலை காரணமாக இயலாது என்று அவன் பதில் போட்டான்.

போட்ட பிறகு அதைப் படித்துக் காட்டினான்.

"பஸ்ல ஏறி எறங்கணும்லா. உனக்கு எதுக்கு அந்தக் கஷ்டம்?"

அந்த இடத்துக்கு இன்னும் ஆள் எடுக்கவில்லை என்று வகுப்பில் ஒருத்தி சொன்னாள். அதைக் கேட்ட பிறகுதான் இவள் புருஷனிடம் லேப்டாப் வேண்டும் என்றாள்.

"இங்க பாரு," என்று அவன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான். "என்ன கலரு..."

நிறுத்திக்கொண்டான். கடைப் பெண் இருமினாள்.

அவள்தான் சிரித்தாள். "சிவப்பா?"

"நீலம்."

அது பேசத் தொடங்கும்போதெல்லாம் முதல் எழுத்தை விழுங்கியது. வேண்டாம் என்றாள்.

அடுத்தது மெலிசு. கையில் எடையே இல்லை. அவள் விரலை ஓரமாக ஓட்டிக்கொண்டே போனாள். ஒரு சுற்று வந்துவிட்டாள்.

"ஹெட்போன் ஓட்டை எங்க?"

"இதுல கிடையாதுக்கா. ஒயர் இல்லாத ஹெட்போன் போட்டுக்கலாம்."

"அதுல குரல் பிந்தி வரும்."

"ஹெட்போன் என்னத்துக்கு?" என்றான் அவன். "ஸ்பீக்கர் நல்லாத்தான இருக்கு. நானும் கேப்பேன்லா."

"நாள் முழுக்க இந்தச் சத்தத்தக் கேட்டா உங்களுக்குத் தலை வலிக்கும்."

அவனுக்கு அது அன்பாகக் கேட்டது.

அன்பும்தான்.

அப்போது வாசலில் விசில் ஊதியது. போக்குவரத்துப் போலீஸ் வண்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "ஐயையோ, நம்ம வண்டி," என்று அவன் ஓடினான்.

மூன்றாவது லேப்டாப் தடிமனாக இருந்தது. பழைய மாடல். இடது பக்கம் ஓட்டை இருந்தது. ஹெட்போனைச் செருகினாள். மழை நின்றது.

விசைகளைத் தட்டினாள்.

"ஐயோ அக்கா, ஸ்கிரீன் போயிட்டு! ரிப்பேர் பீஸு போல. வேற எடுத்துத் தாரேன்."

"போகல. நான்தான் திரைய மட்டும் அணைச்சேன். உள்ள ஓடிக்கிட்டுதான் இருக்கு."

அவள் அடித்தாள். வேகமாக, நிறுத்தாமல். விரல்கள் எதையும் மறந்திருக்கவில்லை. பக்கத்தில் பவுடர் வாசனை நெருங்கி வந்தது. கடைப் பெண் குனிந்து பார்க்கிறாள்.

"என்ன அடிக்கீங்கன்னு தெரியவே இல்லயேக்கா."

"இதையே குடுங்க."

அவன் வருவதற்குள் திரையைத் திரும்பப் போட்டாள்.

"இதா?" என்றான் அவன். மூச்சு வாங்கியது. "அம்மிக்கல்லு மாதிரி இருக்கு."

"இதுதான் அண்ணாச்சி அக்காவுக்குச் சரியா வரும்," என்றாள் கடைப் பெண்.

வேறொன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் அவனே உட்கார்ந்து வைஃபை போட்டுக் கொடுத்தான்.

மறுநாள் காலை அவன் காபி கொண்டுவந்தான். அவள் மேசை முன்னால் இருந்தாள். ஒரு காதில் ஹெட்போன். விரல்கள் அசைந்துகொண்டிருந்தன. திரை கறுப்பாக இருந்தது.

"ஏளா, சார்ஜே இல்ல. அணைஞ்சுபோயிக் கெடக்கு. அதுல போயி தட்டிக்கிட்டிருக்கியே," என்றான்.

பாவமாக இருந்தது அவனுக்கு. சார்ஜரைத் தேடி எடுத்தான். செருகினான். சுவிட்சைப் போட்டான். காபியை அவள் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனான்.

காபி ஆறுவதற்குள் வக்கீலுக்கு மெயில் போய்விட்டது.