பக்கத்து வண்டியின் காற்றுக்குழாய்

தையல்காரர் பக்கத்து வண்டிப் பெரியவரைக் கடைசியாக உயிரோடு பார்த்தது ஒரு மழைக் காலையில். பெரியவருக்கு ஒரு கையில் குடை, மறு கையில் பிளாஸ்டிக் வாளி. சேற்றில் காலைப் பார்த்துப் பார்த்து வைத்து, கேரவன் வண்டிகள் வீடுகளாக நிற்கும் மைதானத்தின் கோடியில் இருந்த பொதுக் கழிப்பறைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"வாளி மகாராஜா கிளம்பிட்டார் பாரு. சொந்த கேரவன், உள்ளேயே கழிப்பறை. இருந்தும் தினம் ஊர்வலம்," என்றார் தையல்காரர், ஜன்னல் திரையை விலக்கி.

"அவர் கால், அவர் நடக்கறார். உங்களுக்கு என்னங்க வலிக்குது?" என்றாள் மனைவி, படுத்தபடியே.

அவளுடைய வைத்தியத்துக்காகத்தான் ஏழு மாதமாக இந்த மைதானத்தில் குடித்தனம். ஆஸ்பத்திரி பக்கம் என்று ஒரு கேரவனை வாடகைக்குப் பிடித்திருந்தார்கள். வந்த புதிதில் எந்த வாடை பட்டாலும் அவளுக்குக் குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி. தண்ணீர்கூடத் தங்கவில்லை. "எடை இன்னும் இறங்கினா மருந்தை நிறுத்த வேண்டியதுதான்" என்று டாக்டர் கையை விரித்துவிட்டார்.

தையல்காரர் கனத்த துணியில் இரட்டைத் திரை தைத்து ஜன்னலில் மாட்டினார். மறு வாரமே அவள் அரைக் கிண்ணம் சூப் குடித்தாள். குடித்தது தங்கியது. கைராசி என்றால் இது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டார்.

அப்படிக் காப்பாற்றி வைத்திருக்கிறவளுக்குப் பக்கத்து வண்டியால் கெடுதல் வந்துவிடுமோ என்பதுதான் அவர் கவலை. கழிவு லாரி வாரா வாரம் வரும். கழிப்பறைத் தொட்டி நிரம்பியவர்கள் வாசலில் சிவப்புத் துணி கட்டுவார்கள். இவர்கள் வந்த முதல் வாரத்துக்குப் பிறகு பெரியவர் ஒரு தடவைகூடக் கட்டியதில்லை.

மைதான மேனேஜரிடம் புகார் எழுதிக் கொடுத்தார்.

"ஏழு மாசமா டேங்க் எடுக்கல சார். கஞ்சப் பிசினாறி. நிரம்பிப் போய்த்தான் வாளியோட அலையறார். நாளைக்கு வழிஞ்சா அடுத்த ஜன்னல்ல படுத்திருக்கறது யாரு? என் வீட்டுக்காரி."

மேனேஜர் போய்க் கேட்டார். "நிரம்பினா சொல்றேன்" என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாராம் பெரியவர்.

"திமிரைப் பார்த்தீங்களா?" என்றார் தையல்காரர்.

புகார் கொடுத்து மூன்றாம் நாள்தான் அந்த மழைக் காலை. அன்று மத்தியானமே பெரியவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி போய்ச் சேர்ந்தார்.

வண்டியை இழுத்துப் போக அவருடைய அக்கா மகன் வந்தார். தொட்டியைக் காலி செய்யாமல் எந்த வண்டியும் மைதானத்தை விட்டு நகரக்கூடாது. லாரி வந்தது. ஏழு மாதச் சரக்கு என்று கேள்விப்பட்டு, ஆட்கள் பத்தடி தள்ளி மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். தையல்காரர் முன்வரிசையில்.

லாரிக்காரர் தடிக்குழாயை மாட்டினார். "தள்ளி நில்லுங்க. அப்புறம் சட்டைக்கு நான் பொறுப்பில்ல."

வால்வை இழுத்தார்.

ஒன்றும் வரவில்லை.

"கெட்டிப்பட்டிருக்கும். சில பேர் வால்வைத் திறந்தே விட்டுடுவாங்க. தண்ணி ஓடிப்போயிடும், மத்தது உள்ளே மலையா நிக்கும்."

சொல்லிக்கொண்டே முகத்தில் துணியைக் கட்டி, டார்ச்சோடு வண்டிக்குள் போனார். கழிப்பறை மூடியைத் திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது முகத்தில் துணி இல்லை.

"காஞ்சு கிடக்கு. கழுவித் துடைச்சுக் கவுத்து வச்ச பாத்திரம் மாதிரி. இருபது வருஷத்துல இப்படி ஒரு டேங்கை நான் பார்த்ததில்ல."

லாரிக்காரர் ஏணி போட்டுக் கூரைக்கு ஏறினார். தொட்டியின் நாற்றத்தை வெளியேற்றும் காற்றுக்குழாய் அங்கேதான் முடியும்.

"சார், நீங்க கொஞ்சம் மேல வாங்க."

தையல்காரர் ஏறினார். பெரியவரின் வண்டி இடுப்பளவு பள்ளத்தில் நின்றிருந்தது. அதன் கூரை இவர் வண்டியின் ஜன்னல் மட்டத்துக்கு வந்தது. குழாயின் வாய்க்கும் இவர் தைத்த திரைக்கும் நடுவே ஒரு கை நீளம்தான் இருக்கும். குழாயின் வாயில் கட்டியாகப் பசை பூசி மூடியிருந்தது.

"முதல்ல ரெண்டடி உயர்த்திப் பார்த்திருக்கார். ஒட்டின தடம் தெரியுது பாருங்க. காத்து உங்க பக்கமே தள்ளியிருக்கும். அதான் ஒரேயடியா மூடிட்டார். மூடிட்டா டேங்க் எதுக்கும் ஆகாது சார். நாத்தம் போக வழியில்லாம அவர் வண்டிக்குள்ளேயே திரும்பும். அவர் கழிப்பறையை அவரே தொட முடியாது."

"எதுக்கு இப்படி?"

ஜன்னல் திரை விலகியது. மனைவி எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"வந்த மூணாம் நாள், 'ஏம்மா இப்படி ஓயாம வாந்தி எடுக்கறே'ன்னு வெளியே நின்னு கேட்டார். உங்க குழாய் வாடைதான் பெரியவரேன்னேன். 'சரிம்மா'ன்னார். உங்ககிட்ட சொன்னா சண்டைக்குப் போவீங்கன்னு சொல்லல. அவ்வளவுதாங்க நாங்க பேசினது."

தையல்காரர் கூரையிலிருந்து பொதுக் கழிப்பறை இருக்கும் திசையைப் பார்த்தார். மேலிருந்து பார்க்க அது இன்னும் தூரமாகத் தெரிந்தது. எழுபது தாண்டிய முழங்கால். ஒரு நாளைக்கு ஐந்தாறு நடை என்று வைத்தாலும், ஏழு மாதத்துக்கு... கணக்குப் பாதியில் நின்றுவிட்டது. கூரைத் தகரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார்.

கீழே இறங்கியதும் லாரிக்காரர் சீட்டை நீட்டினார். அந்தத் தொட்டியின் மேல் புகார் நிலுவையில் இருந்ததால் புகார் கொடுத்தவர்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

எடுத்த கழிவின் அளவு என்ற இடத்தில், 'ஒன்றுமில்லை' என்று எழுதியிருந்தது.